கலைச்சொல் வேண்டும்: ‘செக்சம்’ (checksum), வெள்ளிக்கிழமைக்குள்

கணினி ஆசிரியை, மஞ்சக்குப்பம்:

மடற்குழுவில் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பன்னிரண்டு மேசைக் கணினிகள் இருக்கின்றன. ‘தானே’ புயலுக்கு முன்பு வாங்கியவை. விடுமுறையில் எல்லாவற்றுக்கும் தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாற்றினோம். மாற்றியதிலிருந்து எல்லாத் திரையிலும் ஒரே புலம்பல்: ‘சீமாஸ் செக்சம் எரர்’, தொடர எஃப்1 அழுத்து. பிள்ளைகள் கணினி செத்துவிட்டது என்று ஓடிவருகிறார்கள்.

சுவரில் ஒட்ட ஒரு பக்க வழிகாட்டி எழுதுகிறேன். பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைவுத் திரை) போய் நாளையும் நேரத்தையும் திருத்து, ஹார்ட் டிஸ்க் முறை பழையபடி ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா பார், எஃப்10 அழுத்திச் சேமி. இது வரை வந்துவிட்டது. ‘செக்சம்’ வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. வெள்ளி மாலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், முத்தியால்பேட்டை:

சரிபார்ப்புத் தொகை. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அச்சுக்கு அனுப்பிவிடுங்கள் அம்மா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

> அச்சுக்கு அனுப்பிவிடுங்கள் அம்மா.

என்ன அவசரம்? ‘தொகை’ என்று சுவரில் எழுதினால் எந்த அலுவலகத்தில் கட்ட வேண்டும், ரசீது உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். முதலில் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். தொழில் தெரியாமல் பெயர் வைக்கக் கூடாது.

கணினி பழுதுபார்ப்பவர், நெல்லித்தோப்பு:

ஐயா, மளிகைக்கடைச் சிட்டை மாதிரிதான். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் கடிகாரச் சில்லோடு சேர்ந்து 64 பைட் நினைவகம் இருந்தது, அதுதான் சீமாஸ். 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 அமைவுகளுக்கு. மின்சாரத்தை அணைத்த பிறகும் அந்த எண்கள் மறக்காமலிருக்கத்தான் பேட்டரி. அமைவுகளை எழுதும்போதே அவற்றைக் கூட்டி, வந்த விடையையும் அங்கேயே ஓரிடத்தில் எழுதி வைத்துவிடும். மறுநாள் கணினியை இயக்கியதும் மறுபடி கூட்டிப் பார்க்கும். விடை ஒத்துவந்தால் வாய் திறக்காது. பேட்டரியைக் கழற்றினால் எண்கள் கலைந்து போகும், கூட்டல் ஒத்துவராது, உடனே கத்தும். கணினி கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

அம்மாவுக்கு ஒன்று: ஒருமுறை சேமித்த பின் இந்தச் செய்தி மறைய வேண்டும். மறுபடி வந்தால் பேட்டரி தலைகீழாக இருக்கிறதா, கூட்டல் குறி மேலே தெரிகிறதா பாருங்கள். நம் கடற்கரை ஊர்களில் பேட்டரியைப் பிடிக்கும் தகட்டில் உப்புக்காற்றால் பச்சை பிடித்திருக்கும், சுரண்டித் துடையுங்கள். விண்டோஸ் 7 இருக்கும் கணினியில் ஹார்ட் டிஸ்க் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறிப்போயிருந்தால் நீலத்திரைதான் வரும். தேதியைத் திருத்தாமல் இணையத்துக்குப் போனால் பாதித் தளங்கள் சான்றிதழ் பிழை என்று கதவைச் சாத்தும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

நன்றி தம்பி. இப்போது விளங்கியது. விளங்கியதும் உடம்பு சிலிர்த்தது. இதை நம்மவர்கள் ஏழாம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள்!

சம்பந்தர் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கோயிலையும் அவர் பாடியிருக்கிறார். பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அடிமுடி தேடிய அயனும் மாலும், பத்தில் சமணரும் சாக்கியரும். இறுதியில் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, ‘பத்தும் வல்லார்’ என்று எண்ணிக்கையையும் பதிந்துவிடுவார். ஏடெழுதுபவன் ஒரு பாட்டைத் தவறவிட்டால் படிப்பவன் கண்டுபிடித்துவிடலாம். சில பதிகங்களில் இன்ன செய்யுள் சிதைந்து போயிற்று என்று பதிப்பாசிரியர்கள் குறிப்பு எழுதுகிறார்களே, அது என்ன? செக்சம் எரர்தான். அந்த இறுதிப் பாட்டுக்குப் பெயர் திருக்கடைக்காப்பு.

ஆகவே கலைச்சொல்: கடைக்காப்பு. திரையில் வருவது கடைக்காப்புப் பிழை. நான்காம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

மொழிபெயர்ப்பாளர், முத்தியால்பேட்டை:

நான்காம் வகுப்புப் பிள்ளை கடைக்குப் பூட்டுப் போடுவது என்று நினைக்கும் ஐயா. ‘காப்பு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நிறைய வேலை: காப்புரிமை, காப்பு நகல், கையில் போடும் காப்பு. அதைவிடப் பெரிய குறை, செக்சம் எதையும் காப்பாற்றுவதில்லை. போனது போய்விட்டது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர் இராவணனை எட்டில் வைக்காமல் இறுதிப் பாட்டில் வைத்து முடித்துவிடுகிறார். அவருக்குச் செக்சம் வேண்டாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

இராவணன் வந்தால் பதிகம் முடிந்தது என்று தெரிகிறதல்லவா? அதுவும் ஒரு காவல்தான். எங்கள் அப்பரை விட்டுவிடுங்கள்.

பிரெஞ்சு ஆசிரியர், குருசுக்குப்பம்:

புலவர் ஐயாவின் பக்கம் ஒரு சான்று. கணினிக்குப் பிரெஞ்சில் ‘ஒர்தினாத்தேர்’ என்று பெயர். 1955இல் ஐபிஎம்மின் பிரான்சு நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் ழாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியர் பரிந்துரைத்தது. உலகை ஒழுங்கு செய்யும் இறைவனுக்கு அடைமொழியாக வழங்கிய பழைய சொல் அது. இன்று அங்கே அதைச் சொல்பவர் யாரும் கடவுளை நினைப்பதில்லை. பக்திச் சொல் இயந்திரத்துக்குள் போகக் கூடாது என்று விதி இல்லை.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: செக்சத்துக்கு அவர்களும் ‘சோம் தெ கொந்த்ரோல்’ என்றுதான் சொல்கிறார்கள். சரிபார்ப்புத் தொகையேதான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து இலாசுப்பேட்டையில் வாழ்பவர்:

கணக்கு ஒத்துவருவதுதான் பொருள் என்றால் ஐந்தொகை இருக்கிறதே! தமிழ்நாட்டில் இருப்புநிலைக் குறிப்பு என்பதை நாங்கள் ஐந்தொகை என்றுதான் படித்தோம்.

கையோடு இன்னொரு வேண்டுகோள். வழிகாட்டியின் வரைவில் ‘கணினியைத் துவக்கு’ என்று கண்டேன். எங்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. ‘தொடக்கு’ என்று மாற்றச் சொல்லவும் மனம் வரவில்லை, அது தீட்டு. ‘இயக்கு’ என்று எழுதுங்களேன் அக்கா.

கணினி ஆசிரியை, மஞ்சக்குப்பம்:

‘இயக்கு’ என்று மாற்றிவிட்டேன் தங்கையே. ஐந்தொகை என்றால் வணிகவியல் ஆசிரியர் சண்டைக்கு வருவார். இன்று வியாழன் என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

சரி, தொகை என்றே வைத்தாலும் ‘சரிபார்ப்புத் தொகை’ வழவழவென்று இருக்கிறது. சரிபார்ப்புக்கு உரிய தொகை, நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஒரு தொகைக்குப் பெயர் வைக்க இவ்வளவு பெரிய தொகையா? ‘சரிபார்தொகை’ என்றால் வினைத்தொகை. சரிபார்த்த, சரிபார்க்கின்ற, சரிபார்க்கும் தொகை. நேற்று எழுதியது, இன்று கூட்டுவது, நாளை ஒப்பிடுவது, மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடும். கருவியின் இயல்பும் அதுதானே? ‘த்’ மட்டும் போட்டுவிடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

மொழிபெயர்ப்பாளர், முத்தியால்பேட்டை:

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சுக்கோப்பவர் ஒற்றுப் பிழை என்று நினைத்து ‘த்’ போட்டுவிடுவார். அதோடு உங்கள் மூன்று காலமும் போய்விடும்.

கணினி பழுதுபார்ப்பவர், நெல்லித்தோப்பு:

கடைக்கு வருகிறவர்களிடம் நான் ‘செக்சம்’ என்றுதான் சொல்கிறேன், யாரும் திகைப்பதில்லை. கட்டாயம் தமிழ் வேண்டுமென்றால் சரிபார்ப்புத் தொகைக்கு என் கை.

கணினி ஆசிரியை, மஞ்சக்குப்பம்:

வெள்ளி, மாலை நான்கு மணி. சரிபார்ப்புத் தொகைக்கு மூவர், கடைக்காப்புக்கு ஒன்றரை (பிரெஞ்சு ஆசிரியரை அரை என்று கணக்கிட்டிருக்கிறேன், மன்னிக்கவும்), ஐந்தொகைக்கு ஒருவர். ‘சரிபார்ப்புத் தொகைப் பிழை’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. கடைக்காப்பு என்ற என் முன்மொழிவு மடற்குழுவின் தொகுப்பில் இருக்கட்டும்.

கணினி ஆசிரியை, மஞ்சக்குப்பம்:

திங்கட்கிழமைச் செய்தி. பதினொரு கணினிகள் அமைதியாகிவிட்டன. நான்காம் எண் மட்டும் ஒவ்வொரு காலையும் அதே பிழையைக் காட்டுகிறது. பேட்டரி நேராகத்தான் இருக்கிறது, தகட்டையும் துடைத்துவிட்டேன். பிள்ளைகள் வழிகாட்டியைப் படித்துவிட்டு அந்தக் கணினியின் நெற்றியில் தாங்களே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: ‘கணக்கு உதைக்கிறது’.

கணினி பழுதுபார்ப்பவர், நெல்லித்தோப்பு:

பேட்டரிக்குப் பக்கத்தில் மூன்று ஊசியும் ஒரு சிறு தொப்பியும் இருக்கும், ஜம்பர். யாரோ அதை அமைவை அழிக்கும் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கலாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பழைய இரண்டு ஊசிக்கு மாற்றிப் போடுங்கள். பிள்ளைகள் வைத்த பெயர் பிரமாதம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

கணக்கு ஏன் உதைக்கிறது, இடிக்காமல்? இதற்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.