போலிங்கர் ஷாம்பெயின்: கார்க் மூடி மரபா, வீண் செலவா?

செலவு பார்க்கும் கணக்கர், வைனைக் காக்கும் நிலவறை, திராட்சைத் தோட்டத்தின் கொடிக்கால்: மூன்று குரல்களின் வாதம்.

கணக்கர்:
1829-இல் பிரான்ஸின் ஆயி ஊரில் தொடங்கிய போலிங்கர் என்ற ஷாம்பெயின் (நுரைக்கும் வைன்) நிறுவனம் இன்றும் குடும்பத்தின் கையில் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் ஒற்றை ஆண்டு விளைச்சல் பாட்டில்களை கார்க் போட்டு, இரும்புக் கவ்வி மாட்டி நிலவறையில் அடுக்குவது எதற்கு? சோடா மூடி 1960-களிலேயே பரவிவிட்டது. பல ஆண்டு விளைச்சலைக் கலந்து செய்யும் ஸ்பெஷல் குவே என்ற வைனுக்கு அவர்களே அதைத்தான் போடுகிறார்கள். கார்க்கில் டிசிஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் வைன் முழுக்க ஈர அட்டை வாடை. திறக்க ஆள் கூலி வேறு.

நிலவறை:
மூன்று வருடத்தில் விற்கிற சரக்குக்கு சோடா மூடி போதும். பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதிப்பில் படியும் ஈஸ்ட் மண்டியோடு எட்டு, பத்து வருடம் கிடக்கும் வைனுக்கு அது சரிவராது. சோடா மூடியின் உள்வட்டம் வழியாக ஆக்சிஜன் வருடாவருடம் கசிந்துகொண்டே இருக்கும். கார்க் தனக்குள் இருக்கும் காற்றை ஆரம்பத்தில் விட்டுவிட்டு அடங்கிவிடும். நிறுவனத்தை நடத்திய லில்லி போலிங்கர் 1952 விளைச்சலை 1967-இல்தான் 'ஆர்.டி.' (அண்மையில் மண்டி நீக்கியது) என்று வெளியிட்டார். அத்தனை வருடம் மண்டியோடு.

டிசிஏவுக்கும் வழி இருக்கிறது. கழுத்தை உறைய வைக்காமல் கையால் மண்டி நீக்குபவர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, கவ்வியைக் கழற்றி, கார்க் வெளியேறும் நொடியில் கழுத்தை மேலே தூக்குவார். முந்தித் தூக்கினால் மண்டி உள்ளே திரும்பிவிடும், பிந்தினால் வைன் வீண். உடனே மூக்கருகே வைத்துப் பார்ப்பார். கெட்டது அங்கேயே ஒதுங்கிவிடும். கழுத்தை சுமார் -27 டிகிரி உப்புநீரில் உறைய வைத்துத் திறக்கும் இயந்திரத்துக்கு மூக்கு ஏது?

கொடிக்கால்:
மூடியோடு நின்றுவிட்டீர்கள். முதல் நொதிப்பு நடக்கும் ஓக் பீப்பாய்தான் முக்கியம். பழைய பீப்பாய் என்பதால் மரவாசம் ஏறாது, காற்று மட்டும் மெல்லப் புகும். பலகை காய்ந்தால் ஒழுகும், காலியாகக் கிடந்தால் வினிகர் பாக்டீரியா குடியேறும். அதனால்தான் வீட்டுக்குள்ளேயே பீப்பாய்த் தச்சர் வைத்திருக்கிறார்கள். பின்னால் கலப்பதற்காக எடுத்துவைக்கும் சேமிப்பு வைனும் தொட்டியில் இல்லை, மேக்னம் என்ற ஒன்றரை லிட்டர் பாட்டிலில், கார்க் போட்டு. வழக்கமான இரண்டாம் நொதிப்புக்கு லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை போட்டால் 6 வளிமண்டல அழுத்தம் வரும். இந்த மேக்னத்தில் லேசான நுரைக்குத் தேவையான சர்க்கரை மட்டும். கலவை நாளில் ஒவ்வொன்றையும் கையால்தான் திறந்தாக வேண்டும்.

கணக்கர்:
இன்னொரு ஷாம்பெயின் நிறுவனமான க்ரூக் 1999-இல் எல்.வி.எம்.ஹெச். என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குப் போனது. இன்றும் சிறு ஓக் பீப்பாயில்தான் நொதிக்க வைக்கிறார்கள். முறை பிழைக்கக் குடும்பம் தேவையில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி?

நிலவறை:
க்ரூக் பாட்டிலின் விலையே அந்தச் செலவைத் தாங்கும். லாபக் கணக்கில் நிற்காததைப் பாருங்கள்: ஆயியில் ஷோத் தேர், குளோ சான் ஜாக் என்ற இரண்டு துண்டு நிலம். வேர்ப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுப்போடாத பினோ நுவார் என்ற கருந்திராட்சை. கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடுவதால் வரிசையே கிடையாது. டிராக்டர் நுழையாது, எல்லாம் கைவேலை. 1969 முதல் அதைத் தனி வைனாக எடுக்கிறார்கள். பூஸி ஊரில் இருந்த மூன்றாவது துண்டை ஃபிலோக்ஸெரா என்ற அந்த வேர்ப்பூச்சி தின்றுவிட்டது. மீதி இரண்டுக்கும் அதே ஆபத்து, தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரருக்குப் பதில் சொல்கிறவர் எப்போதோ பிடுங்கி ஒட்டுக்கொடி நட்டிருப்பார்.

கணக்கர்:
அந்த நிலத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். கார்க்குக்கு இல்லை.