100 ஏஎச் டியூபுலர் பேட்டரிக்கு எந்த சார்ஜர் வாங்குவது?

வண்டிக்கடை:
சாயங்காலம் தள்ளுவண்டியில் டிபன் கடை போடுகிறேன். நாலு எல்இடி விளக்கு, ஒரு சின்ன ஃபேன், இன்வெர்ட்டர் வழியாகக் கொஞ்ச நேரம் மிக்ஸி. இதற்காக 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி வாங்கியிருக்கிறேன், மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற லெட்-ஆசிட் வகை. பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் காலை 9 மணியிலிருந்து 5 மணி வரை பிளக் தருகிறார், அதற்கு மேல் கேட்க முடியாது. கார் பேட்டரிக் கடையில் 5 ஆம்பியர் சார்ஜர் போதும் என்கிறார்கள். போதுமா?

ஒயர்மேன்:
5 ஆம்பியர் போதாது தம்பி. செம்பு வைண்டிங் போட்ட டிரான்ஸ்பார்மர் சார்ஜர் 15 ஆம்பியரில் வாங்கு, வருடக்கணக்கில் உழைக்கும். ஸ்மார்ட் சார்ஜர் என்று விற்பதெல்லாம் கரண்ட் ஏறி இறங்கினால் போர்டு போய்விடும், அதைச் சரிசெய்ய ஊரில் ஆள் கிடையாது. மீட்டரில் முள் இறங்கியதும் மூடியைத் திறந்து ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார், அந்த அடர்த்தி, அதாவது கிராவிட்டி, 1.240 வந்துவிட்டால் ஃபுல்.

மின்னோட்டம்:
ஒயர்மேன் சார், ஒர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே நிற்பவருக்கு நீங்கள் சொல்வது சரி. இங்கே ஜெராக்ஸ் கடைக்காரர் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு முள்ளையா பார்த்துக்கொண்டிருப்பார்? சாதாரண டிரான்ஸ்பார்மர் சார்ஜரில் வோல்டேஜைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பேட்டரி நிரம்பிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், 15, 16 வோல்ட் வரை ஏறும், தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டு வற்றும், பாசிட்டிவ் பிளேட் அரிக்கும். ஸ்மார்ட் என்று விற்கிற மூன்று கட்ட சார்ஜர் முதலில் முழு ஆம்பியரில் ஏற்றும், 14.4க்கு மேல் வந்ததும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு ஆம்பியரைத் தானாகக் குறைய விடும், கடைசியில் 13.6 வாக்கில் இறங்கி நிற்கும்.

ஒயர்மேன்:
புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். கடையில் கிடைக்கிற ஆட்டோமேட்டிக் சார்ஜரில் பாதி, கார் பேட்டரிக்கும் பைக் பேட்டரிக்கும் செய்தது. 14.4ஐத் தொட்டதும் பச்சை விளக்கைப் போட்டுவிட்டுக் கழன்றுகொள்ளும். அப்போது கிராவிட்டி பார்த்தால் 1.200தான் இருக்கும். தினமும் அரைகுறையாக ஏற்றி எடுத்தால் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், ஆசிட் கனமானது அடியில் தங்கிவிடும். நல்லா குமிழி விட்டால்தான் அது கலக்கும். எங்களிடம் வருகிற டியூபுலர்களில் ஓவர் சார்ஜில் செத்ததைவிட இப்படிப் பட்டினியில் செத்ததுதான் அதிகம்.

மின்னோட்டம்:
பட்டினி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அது தவறான செட்டிங்கின் குற்றம், அதற்காகக் கட்டுப்பாடே இல்லாத சார்ஜருக்குப் போவது எனக்குப் புரியவில்லை. டியூபுலர் என்று தனி செட்டிங் இருக்கிறதா, 14.4 முதல் 14.8 வரை சில மணி நேரம் பிடித்து வைக்கிறதா, இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆசிட் கலக்குவதற்கு ஈக்வலைஸ் வசதி இருக்கிறது, எப்போதாவது ஒருமுறை 15.5 வரை கொண்டுபோகும். வெயிலையும் மறக்கக் கூடாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.024 வோல்ட் குறைக்க வேண்டும். மே மாதம் 40 டிகிரியில் 14.6 தேவைப்படும் இடத்தில் 14.25 போதும். டெம்பரேச்சர் சென்சார் ஒயர் உள்ள சார்ஜர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சேலம் சோலார்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஈக்வலைஸ், டீசல்பேட் (படிந்த சல்பேட்டைக் கரைக்கும் வசதி) எல்லாம் மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற பேட்டரிக்கு மட்டும்தான். சீல் செய்த ஏஜிஎம், ஜெல் பேட்டரிக்கு அதைப் போட்டால் வயிறு உப்பிவிடும், போன தண்ணீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. லித்தியத்துக்கு வேறு சார்ஜர்.

வண்டிக்கடை:
எல்லாம் சரி சார், எனக்கு எத்தனை ஆம்பியர்?

மின்னோட்டம்:
நீங்கள் சொன்ன லோடுக்கு ஒரு ராத்திரிக்கு 40, 45 ஏஎச் செலவாகும். ஏற்றும்போது கொஞ்சம் வீணாவதால் 50க்கு மேல் திரும்பப் போட வேண்டும். 5 ஆம்பியரில் அதற்கே 10 மணி நேரம் தாண்டிவிடும், உங்களிடம் இருப்பது 8. 10 ஆம்பியர் என்றால் முதல் நாலைந்து மணி நேரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும், மீதி நேரம் அந்தக் கடைசிப் பங்குக்கு. அதுதான் மெதுவாக ஏறும், அதை அவசரப்படுத்த முடியாது. 20 ஆம்பியர் வாங்கினாலும் முடியும் நேரம் பாதியாகாது, சூடுதான் ஏறும்.

ஒயர்மேன்:
10க்குக் கீழே போகாதே, 15 வரை தாங்கும். எந்த சார்ஜராக இருந்தாலும் மாதம் ஒருமுறை ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விடு, பச்சை விளக்கை நான் இன்னும் நம்பவில்லை. டிஸ்டில்டு வாட்டரை ஃபுல் சார்ஜ் ஆன பிறகு ஊற்று, முன்னாலேயே நிரப்பினால் ஆசிட் வழியும். அப்புறம், ஜெராக்ஸ் கடைக்குள் மூடிய இடத்தில் வைக்கவே வைக்காதே. வருவது ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். வாசலில் நிழலாகப் பார்த்து வை, கிளிப்பை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடு, கழற்றும்போது சுவிட்சை முதலில் அணை.

வண்டிக்கடை:
வாசலில் சன்ஷேடுக்குக் கீழே இடம் இருக்கிறது, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக்கொள்ளலாம். டியூபுலர் செட்டிங் உள்ள 10 ஆம்பியரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் விலை கேட்டு நாளைக்குப் போடுகிறேன்.