அம்மா வீட்டுப் பைப் வேலை பிரச்சினையில் நிற்கிறது, நான் லண்டனில். அவசரம்!

கல்லடிப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். வந்து நாலு மாசம்தான் ஆகிறது. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்து படுத்தால் இரண்டரைக்கு அம்மா அழைக்கிறார். பைப் பாஸ் (குழாய் வேலை செய்தவர்) வாசலில் நின்று மிச்சக் காசு கேட்கிறாராம். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் எல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டார். இப்போது எங்கோ ஒழுகுகிறது. காசு தராவிட்டால் போட்ட பைப்பைக் கழற்றிக்கொண்டு போவேன் என்கிறார். பொலிசுக்குப் போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹரோ மாமா:
தம்பி, பயப்பட வேண்டாம். வாடகை வீட்டில் பைப் ஒழுகினால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகையாளர் சட்டம், 11ஆம் பிரிவு. தண்ணீர், காஸ், கரண்ட், கழிவுக் குழாய் எல்லாம் அவர்தான் திருத்தித் தர வேண்டும். வாயால் சொல்லாதீர்கள், படம் எடுத்து ஈமெயிலில் போடுங்கள். நான் வந்த புதிதில் இது தெரியாமல் குளியலறைச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கப் பிடிக்க நானே பிளீச் அடித்தேன். மாரி முழுக்க இருமல். வீட்டுக்காரர் நம்ம ஊர் ஆள்தான், அதனால் கேட்கவும் வெட்கம்.

கல்லடிப் பையன்:
மாமா, வீடு லண்டனில் இல்லை. மட்டக்களப்பில், கல்லடியில். அம்மாவின் சொந்த வீடு.

ஹரோ மாமா:
அதை முதலில் சொல்ல வேண்டாமா?

ஸ்காபரோ மாமி:
மகன், என்ன செய்தாலும் காசை மட்டும் அனுப்பிவிடாதீங்க. காசு கைக்குப் போனால் ஆள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. எங்களுக்கு இங்கே கனடாவில் முதல் ஜனவரியில் வெளிச்சுவர் டெப்புக்குப் போகிற பைப் உறைந்து வெடித்தது. மாரிக்கு முன் உள்ளே வால்வைப் பூட்டித் தண்ணீரை வடிய விட வேண்டும் என்று யார் சொன்னது எங்களுக்கு? பேஸ்மெண்ட் கார்பெட் மிதக்குது, நான் மூத்தவளைத் தூக்கிக்கொண்டு படியில் நிற்கிறேன், இவர் வேலையில். அன்றைக்குக் கொடுத்த காசில் ஊரில் ஒரு கிணறு கட்டியிருக்கலாம். பொலிசில் ஒரு என்ட்ரி போட்டு வையுங்க.

சூரிச் தம்பி:
மாமி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அம்மா தனிய இருக்கிறார். நாளைக்கு மோட்டர் பழுதானால் அதே ஆளைத்தான் கூப்பிட வேண்டும். கொடுத்து முடித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போங்க. வந்த புதிதில் ஊர்ப் பிரச்சினையை இரவெல்லாம் போனில் இழுத்து நான் ஒரு வேலையையே இழந்தேன்.

ஸ்காபரோ மாமி:
கொடுத்துக் கொடுத்துத்தான் ஊரில் விலை இப்படி ஏறிக் கிடக்குது. எங்கள் அப்பா வீட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், ஹோலில் தொங்குகிற என் படத்தில் பனியைப் பார்த்துவிட்டுக் கூலியை மாற்றினார். உண்மையாக!

சூரிச் தம்பி:
ஹாஹா. அந்தப் படத்தை முதலில் கழற்றுங்க.

நிந்தவூரான்:
எல்லாரும் பாஸைத் திட்டுவதால் நான் மறுபக்கத்தையும் சொல்கிறேன். என் வாப்பா முப்பது வருசம் பைப் வேலை செய்தவர். வெளிநாட்டு வீடு என்றால் கூலி கூடும், உண்மை. வெளிநாட்டு வீட்டில்தான் மிச்சக் காசும் இழுபடும், அதுவும் உண்மை. "மகன் அனுப்பினதும் தாறம்" என்று கேட்டுக் கேட்டே வாப்பாவுக்கு நோன்புப் பெருநாள் வந்து போயிருக்கிறது.

பழைய ஜிஐ வேலையில் விலை சொல்லும்போது சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாப்பா ஒருமுறை வெட்டியெடுத்த முக்கால் இஞ்சித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே துரு ஏறி ஏறி, பென்சில் கூடப் போகவில்லை. எல்போ (பைப் வளைகிற மூட்டு) இறுகியிருந்தால் திருகிக் கழற்ற முடியாது, கிரைண்டரால் வெட்டத்தான் வேண்டும். இரண்டு டைல்ஸ் உடைக்கப் போய் ஆறு உடையும்.

தம்பி, எவ்வளவுக்குப் பேசினீங்க? சாமான் யார் வாங்கினது? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? ஒழுகுகிறது என்றால் எங்கே?

கல்லடிப் பையன்:
மன்னிக்கவும், அன்று பதற்றத்தில் எழுதினேன். சாமானோடு சேர்த்து 2,40,000 ரூபா என்று வாயால் பேசியது. 1,60,000 கொடுத்தாயிற்று. மிச்சம் 80,000. அதற்கு மேல் சுவர் வெட்டினதுக்கு என்று 45,000 கேட்கிறார். டைல்ஸ் ஒட்டி மூடியாயிற்று. இரவு டேங்க் நிரப்பினால் விடிய அரைவாசிதான் இருக்கிறது. பாத்ரூம் சுவரின் அடியில் கொஞ்சம் ஈரம். டேங்கில்தான் கோளாறு, தன் வேலையில் இல்லை என்கிறார் பாஸ். எழுத்தில் எதுவும் இல்லை.

மட்டுநகர் ஹாட்வெயார்:
நான் டவுனில் ஹாட்வெயார் கடையில் நிற்கிறவன், இந்த மாதிரிச் சண்டை மாசத்தில் இரண்டு தடவையாவது கடை வாசலுக்கு வரும். தம்பி, காசைப் பற்றி இப்போது ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். முதலில் ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடியுங்க. சுவருக்குள் பூசின பைப்பை யாரும் கழற்றிக்கொண்டு போவதில்லை. அது காசு கேட்கிறவர் பேசுகிற பேச்சு.

இன்றிரவு டேங்க் நிரம்பியதும் மோட்டரை நிறுத்தி, வோட்டர் போர்ட் லைன் இருந்தால் மீட்டருக்குப் பக்கத்து வால்வையும் பூட்டச் சொல்லுங்க. டேங்குக்குக் கீழே வீட்டுக்குள் இறங்குகிற லைனில் கேட் வால்வ் இருக்கும், அதையும் பூட்ட வேண்டும். டேங்கில் ஒரு கம்பை விட்டு, நனைந்த இடத்தில் சோக்கால் கோடு. அம்மாவை ஏற விடாதீங்க, பக்கத்து வீட்டுப் பையன் யாரையாவது ஏற்றுங்க. விடியப் பார்க்கும்போது தண்ணீர் இறங்கியிருந்தால் கோளாறு டேங்கில் அல்லது அந்த வால்வில், பாஸ் சொன்னது சரியாக இருக்கலாம். இறங்காவிட்டால் உள்லைனில்தான். அப்புறம் குசினி வால்வ், பாத்ரூம் வால்வ் என்று ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

உண்மையில் சுவர் பூச முன்னமே கைப்பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் டைல்ஸ் ஒட்டினது பாஸின் பிழை, கேட்காமல் விட்டது உங்கள் பிழை. மிச்சத் துண்டுப் பைப் வளவில் கிடந்தால் மேலே அச்சடித்திருப்பதைப் படம் எடுங்க. தண்ணீர் லைனுக்கு ஆயிரம் டைப் (அழுத்தம் தாங்கும் வகை), எஸ்எல்எஸ் 147 (இலங்கைத் தர இலக்கம்) என்று இருக்க வேண்டும். சாமான் பில்லையும் கேளுங்க.

பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம். லோயர் தேவையில்லை. வேலைக்குப் பேசினது அம்மாதான் என்றால் அம்மாவே போகலாம், உங்கள் அட்டோர்ணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக நடக்க எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) எல்லாம் வேண்டாம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் அடிக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வேலை நடந்து மூன்று மாசத்துக்குள் கொடுக்க வேண்டும். பொலிஸ் என்ட்ரி, ஆள் வளவுக்குள் புகுந்து மிரட்டினால் மட்டும்.

ஸ்காபரோ மாமி:
நான் சொன்னதும் அதுதானே.

கல்லடிப் பையன்:
நன்றி அண்ணா. விடிய டேங்கில் தண்ணீர் சோக் கோட்டிலேயே நின்றதாம். பாத்ரூம் வால்வைப் பூட்டினால் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை. அதைச் சொன்னதும் பாஸ் சத்தம் போடாமல் வந்து ஈரமான இடத்தில் ஒரு டைலை உடைத்தார். அம்மா வீடியோவில் காட்டினார். சொக்கட்டுக்குள் (இரண்டு பைப்பை இணைக்கிற துண்டு) பைப் பாதிதான் போயிருக்கிறது, கம் (பைப் ஒட்டுகிற பசை) ஒரு பக்கம் மட்டும் பூசியிருக்கிறது. நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. மாற்றிப் போட்டார். இரண்டு நாள் அழுத்தம் பார்த்த பிறகு 80,000. சுவர் வெட்டுக்கு 45,000 இல்லை, 20,000 என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவர் 30,000இல் நிற்கிறார்.

நிந்தவூரான்:
25,000இல் முடியும். கொடுக்கிற அன்றே ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கட்டும். ஆறு மாசத்துக்குள் ஒழுகினால் கூலி இல்லாமல் பார்ப்பேன் என்று ஒரு வரி சேருங்க.

கல்லடிப் பையன்:
சரி அண்ணா. இன்னொன்று, இதற்குத் தனியாக எழுத வேண்டுமோ தெரியாது. இங்கே நான் வாடகைக்கு இருக்கிற வீட்டில் பாயிலர் அழுத்த முள் அரை பாருக்குக் கீழே நிற்கிறது, சுடுதண்ணி வரவில்லை. இதற்கு யாரைக் கூப்பிடுவது?

ஹரோ மாமா:
11ஆம் பிரிவு, தம்பி. ஈமெயில்.