ஸ்டில் போட்டோவை ஜூம் செய்தால் மங்குகிறது, டிசால்வில் (ஒரு படம் கரைந்து அடுத்தது வரும் இடத்தில்) படம் நின்று நின்று போகிறது. உதவி தேவை

விஸ்காம்_இறுதியாண்டு:
பத்தமடைப் பாய் (கோரைப்புல்லில் நெய்வது) நெசவு பற்றி 6 நிமிடக் குறும்படம். வீடியோ கிடையாது, 80 ஸ்டில் போட்டோ மட்டும். எல்லாம் 6000×4000 ஜேபெக். எடிட்டிங் மென்பொருள் பிரீமியர் ப்ரோ, டைம்லைன் 1920×1080, வினாடிக்கு 25 ஃப்ரேம். இரண்டு பக்கமும் வந்த கறுப்புப் பட்டையை மறைக்க ஸ்கேலை 119 வைத்து, அங்கிருந்து 140 வரை மெதுவா ஜூம். போட்டோவா திறந்தா கத்தி மாதிரி ஷார்ப். டைம்லைன்ல மட்டும் ஏன் இப்படிக் கலங்குது? போதாததுக்கு டிசால்வ் வர்ற இடத்துல அசைவும் நின்னுடுது.

எடிட்மேசை:
119ங்கிற அந்த எண்ணே காட்டிக் கொடுக்குது. கிளிப்புக்கு ‘ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்’ போட்டிருக்கீங்க. அது படத்தை முதல்லயே 1620×1080க்குச் சுருக்கிடும். 1920 அகலத்துல மீதி 300 பிக்சல்தான் ரெண்டு ஓரத்துலயும் 150-150ஆ நிக்கிற கறுப்புப் பட்டை. அதுக்கப்புறம் நீங்க ஜூம் பண்றது அந்தச் சுருங்கின படத்தை. உங்க 24 மெகாபிக்சல் அங்க இல்லவே இல்ல.

முதல்ல ஸ்கேல் கீஃப்ரேம்களை (ஜூம் எங்க தொடங்கி எங்க முடியணும்னு வெச்ச புள்ளிகள்) அழிங்க. எல்லாக் கிளிப்பையும் செலக்ட் பண்ணி, ரைட் கிளிக்ல ‘செட் டு ஃப்ரேம் சைஸ்’ கொடுங்க. பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா ஸ்கேல் 100க்குப் பதிலா 27னு காட்டும். ஃப்ரேம் நிரம்ப 32. உங்க பழைய 140க்குச் சமம் ஏறக்குறைய 38. 100ஐத் தாண்டாத வரைக்கும் மங்காது. ஒரு விஷயம்: 3:2 படத்தை 16:9ல நிரப்பினா மேலும் கீழும் வெட்டுப்படும். நெசவு பண்றவங்க தலை போகுதான்னு ஒவ்வொண்ணா பார்த்து பொசிஷனை ஏத்தி இறக்குங்க.

விஸ்காம்_இறுதியாண்டு:
முகமெல்லாம் தெளிவாயிடுச்சு, நன்றி அண்ணா! ஆனா பாயை நேரா மேலிருந்து எடுத்த படங்கள்ல இப்ப கோரைக் கோடெல்லாம் புழு மாதிரி நெளியுது. முன்னாடி இது இல்ல.

கோரைப்புல்:
முன்னாடி மங்கலா இருந்ததால தெரியல, அவ்வளவுதான். 6000 பிக்சலை மூணுல ஒரு பங்காச் சுருக்கும்போது, திரையோட ஒரு பிக்சலை விட மெல்லிசான கோடு ஒரு ஃப்ரேம்ல தெரியும், அடுத்ததுல காணாமப் போகும். பாய், ஓட்டுக் கூரை, ஜன்னல் கம்பி, புடவைக் கட்டம் எல்லாத்துலயும் இது வரும்.

நெளியற படங்களுக்கு மட்டும் சின்ன நகல் போடுங்க. ஜிம்ப்ங்கிற போட்டோ மென்பொருள்ல ‘ஸ்கேல் இமேஜ்’, 2400×1600, இன்டர்போலேஷன் ‘நோஹேலோ’. பிறகு அரை பிக்சல் காசியன் பிளர், அதாவது லேசா மங்கலாக்குறது. ஷார்ப்பன் பக்கமே போகாதீங்க. பிரீமியர்ல ‘ரீப்ளேஸ் ஃபுட்டேஜ்’ பண்ணி பழைய படத்துக்குப் பதிலா நகலை வெச்சதும் படம் நடுவுல தபால்தலை அளவுக்கு நிக்கும், பயப்படாதீங்க. பழைய 32, 38 அப்படியே இருக்கறதுதான் காரணம். புது எண் 80, 95. இன்னும் நெளிவு மிச்சம் இருந்தா, கிளிப்போட ‘மோஷன்’ அமைப்புக்குள்ள இருக்கிற ‘ஆன்டி-ஃப்ளிக்கர்’. அது 0லிருந்து 1 வரைதான், கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஏத்த ஏத்தப் படம் மிருதுவாகும்.

பிளேபேக் ரெசொல்யூஷனை (எடிட் பண்ணும்போது திரையில காட்டுற தெளிவு) பாதியில வெச்சு இதை எடை போடாதீங்க. ‘ஃபுல்’ல பாருங்க, இல்ல பத்து வினாடி எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க.

எடிட்மேசை:
டிசால்வ் விஷயம் விட்டுப்போச்சு. கீஃப்ரேமை கிளிப்போட முதல் ஃப்ரேம்லயும் கடைசி ஃப்ரேம்லயும் வெச்சிருப்பீங்க. ரெண்டு கிளிப் சேர்ற கட் நடுவுல ஒரு வினாடி டிசால்வ் போட்டா அது ரெண்டு பக்கமும் அரை வினாடி வெளியே நீளும். அந்த அரை வினாடிக்கு நகரச் சொல்ல யாருமில்ல, படம் உறைஞ்சு நிக்கும்.

கிளிப்பை மேல் ட்ராக்குக்குத் தூக்குங்க, ரெண்டு ஓரத்தையும் ஒவ்வொரு வினாடி இழுத்து நீட்டுங்க, கீஃப்ரேமை அந்த நுனிகள்ல வைங்க, அப்புறம் பழைய நீளத்துக்கே டிரிம் பண்ணி இறக்குங்க. கீஃப்ரேம் கண்ணுக்குத் தெரியாட்டாலும் வெளியே இருந்தே வேலை செய்யும். இதுக்கு லீனியர் (ஒரே வேகம்) தான் சரி, ஈஸ் (ஓரத்துல வேகம் குறையறது) போட்டா திரும்பவும் நிக்கற மாதிரி இருக்கும்.

ஒலிக்கட்டை:
80 படத்துக்கும் ஜூம் எதுக்கு? 6 நிமிஷத்துல ஒரு படத்துக்குச் சராசரி நாலரை வினாடி. எல்லாமே அதே வேகத்துல ஊர்ந்தா கல்யாண ஆல்பம் ஆயிடும். கோரையைக் கீறுறது, சாயம் போடுறது, தறியில கோர்க்கிறது, இதெல்லாம் வேலை. அங்க அசைவே வேண்டாம், ஒன்றரை வினாடிக்கு ஒண்ணா நேர் கட். பாயை அடிச்சு நெருக்குற அச்சுக்கட்டை சத்தத்தைத் தனியா பதிவு பண்ணி, ஒவ்வொரு அடியிலயும் ஒரு கட் வைங்க. அப்படி மிச்சப்பட்ட நேரத்தை ஒரு முகத்துக்கு எட்டு, பத்து வினாடின்னு கொடுக்கலாம்.

தறிச் சத்தம் தறிப் படத்துக்கு ஒரு வினாடி முன்னாடியே ஆரம்பிக்கட்டும். பேச்சு இல்லாத இடத்துலயும் அந்த வீட்டோட வெறும் சத்தம் அடியில ஓடணும். ஸ்டில் படத்துல சத்தம் அறுந்தா, ஃபைல் தொங்கிடுச்சுன்னுதான் பார்க்கிறவங்க நினைப்பாங்க.

விஸ்காம்_இறுதியாண்டு:
டிசால்வ் சரியாயிடுச்சு. 2400 நகல்ல பதினொரு படம் சரி. பட்டுப் பாய் (ரொம்ப மெல்லிசா நெய்தது) குளோஸ்அப் ஒண்ணு மட்டும் பிளர் போட்டும் நெளியுது.

கோரைப்புல்:
அதுல கீஃப்ரேமை எடுத்துடுங்க, அசையாம நிக்கட்டும். அவ்வளவு நெருக்கமான பின்னல் 1080ல நகர்ந்தா நெளியத்தான் செய்யும். ஜூம் கட்டாயம் வேணும்னா பாயோட ஒரு மூலையை மட்டும் நெருங்கி எடுத்த வேற படம் தேடுங்க, கோடு தடிமனாத் தெரியணும்.