பாலிடெக்னிக்கிலிருந்து பாதியில் விலகினால் மீதி ஆண்டுகளின் ஃபீஸையும் கேட்கலாமா? ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்குவது எப்படி?

தறிவீடு:
தமிழ்நாட்டில் ஒரு தனியார் பாலிடெக்னிக். தங்கை மகன் முதலாண்டு மெக்கானிக்கல் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐடிஐ ஃபிட்டருக்கு மாற விரும்புகிறான். மீதி ஆண்டுகளின் ஃபீஸையும் கட்டினால்தான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாம் கிடைக்கும் என்கிறது அலுவலகம். சேர்க்கையின்போது வாங்கிய உறுதிமொழிப் படிவத்தையும் காட்டுகிறார்கள். இது செல்லுமா? கட்டிய பணத்தில் ஏதாவது திரும்ப வருமா?

கோப்புக்கட்டு:
செல்லாது. பாலிடெக்னிக்குகள் ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரத்தில் நடப்பவை. அதன் அங்கீகார விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. சேர்க்கையின்போது ஒரிஜினலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். விலகும் மாணவரிடம் அடுத்தடுத்த ஆண்டுகளின் ஃபீஸைக் கேட்கக் கூடாது.

பணம் திரும்புமா என்பது விலகும் தேதியைப் பொறுத்தது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் தர வேண்டும். தொடங்கிய பின் விலகி, அந்த இடம் சேர்க்கையின் கடைசித் தேதிக்குள் வேறு மாணவரால் நிரம்பிவிட்டால், படித்த மாதங்களுக்கான ஃபீஸும் ஹாஸ்டல் வாடகையும் மட்டும் கழியும். இடம் காலியாகவே இருந்தால் காப்புத் தொகையும் சான்றிதழ்களும்தான் திரும்பும், கட்டிய ஃபீஸ் போனதுதான். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் உங்களுக்கு மூன்றாவதுதான் பொருந்தும் போலிருக்கிறது. ஆகவே முதலாண்டு ஃபீஸுக்காக மல்லுக்கட்டாமல் சான்றிதழிலும் காப்புத் தொகையிலும் குறியாக இருங்கள்.

நோட்டீஸ்போர்டு:
கேட்பதை எழுத்தில் கேளுங்கள். கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்டதற்கு நாளைக்கு எந்தத் தடயமும் இருக்காது.

முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். மாணவர் பெயர், சேர்க்கை எண், பிரிவு, விலகும் தேதி, ஒப்படைத்த ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் எண்ணும், கட்டிய ரசீதுகளின் எண், காப்புத் தொகை எவ்வளவு, இவை அதில் இருக்கட்டும். மாணவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபாலில் அனுப்பி, அதையே கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் போட்டுவிடுங்கள். சான்றிதழையும் பணத்தையும் திருப்பித் தர ஏஐசிடிஇ கொடுத்திருக்கும் அவகாசம் 7 நாள். அதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதுங்கள்.

இதில் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை) படிவத்தோடு சேர்த்து "பாக்கியைத் தவணையில் கட்டுகிறேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். சான்றிதழ் கைக்கு வரும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டால், இல்லாத கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். நூலகப் புத்தகம், பட்டறைக் கருவி, ஹாஸ்டல் மெஸ் பாக்கி இவையெல்லாம் நியாயமான டியூஸ். அவற்றை முதலிலேயே அடைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

வெல்டிங்ராடு:
நுகர்வோர் கோர்ட்டில் ஒரு கேஸ் போட்டால் தானாக வந்து கொடுப்பார்கள்.

கோப்புக்கட்டு:
அந்த வழி அவ்வளவு உறுதியானதல்ல. கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் 'சேவை' அல்ல என்று 2012-ல் பி.டி. கோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு முதல் நாளே அதைத்தான் எடுத்து வைக்கும்.

கல்லூரித் தரப்பு காட்டக்கூடிய இன்னொன்று, 2003-ன் இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பு. பாதியில் போய்விடுவார் என்ற அச்சம் இருந்தால் மாணவரிடம் பாண்ட் (உறுதிப் பத்திரம்) வாங்கலாம் என்று அதில் ஒரு வரி இருப்பது உண்மை. ஆனால் அதே தீர்ப்பு, ஒரு செமஸ்டர் அல்லது ஓராண்டு ஃபீஸுக்கு மேல் முன்பணமாக வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. பாண்ட் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், பணத்துக்குச் சிவில் வழக்குதான் வழி. சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கு இல்லை, கடனுக்கு ஈடாக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது.

போக வேண்டிய வரிசை: 7 நாள் முடிந்ததும் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு. ஏஐசிடிஇயின் 2019 விதிமுறைப்படி எல்லாக் கல்லூரியிலும் இது இருக்க வேண்டும். பிறகு ஏஐசிடிஇ இணையதளத்தில் புகார், அதன் நகல் கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு. தனியார் கல்லூரிக்கு நேராக ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுவது பெரும்பாலும் எடுபடாது. இயக்ககத்துக்குப் போட்டு, "என் புகார் மீது என்ன நடவடிக்கை" என்று கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். எல்லாம் பலிக்காவிட்டால் சான்றிதழைத் தர உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

ஃபிட்டர்பெஞ்ச்:
ஐடிஐ சேர்க்கை தேதி முடிவதற்குள் வேலை ஆக வேண்டுமே, அதற்குச் சில விஷயங்கள். பள்ளி கொடுத்த டிசி திரும்பாது, அது கல்லூரிப் பதிவேட்டோடு போய்விடும். கல்லூரி தன் பெயரில் புதிய டிசி தரும், கடிதத்தில் அதைக் கேளுங்கள். சாதிச் சான்றிதழ் இ-சேவையில் எடுத்ததென்றால் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். மார்க் ஷீட்டை டிஜிலாக்கரில் (அரசின் மின் ஆவணப் பெட்டகம்) எடுக்க முடிகிறதா பாருங்கள், சட்டப்படி அது ஒரிஜினலுக்குச் சமம். ஆக இழுபறி டிசி ஒன்றுக்குத்தான் என்று ஆகிவிடும். ஐடிஐ முதல்வரிடம் உங்கள் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியைக் காட்டி, டிசிக்கு அவகாசம் தருவாரா என்று கேளுங்கள்.

மார்க் ஷீட் தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். கல்லூரியில் இருப்பது தெரிந்தே அப்படி எழுதினால் அது பொய் வாக்குமூலம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று, ஐடிஐ ஏஐசிடிஇயின் கீழ் வராது. அங்கே மத்தியப் பயிற்சி இயக்குநரகமும், மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையும்தான். புது இடத்தில் ஒரிஜினல் கேட்டால், எவற்றை வாங்கிக்கொண்டார்கள் என்று பட்டியலிட்ட ரசீதோடு கொடுங்கள்.

நோட்டீஸ்போர்டு:
பையன் விலகுவதற்கு சீனியர்களின் ராகிங் காரணமாக இருந்தால் அதை விலகல் கடிதத்தில் கலக்காதீர்கள். அதற்குத் தனிப் புகார். தேசிய ராகிங் தடுப்பு எண் 1800-180-5522, பெயர் சொல்லாமலும் பதியலாம்.