மறு: டேக், ஜைப் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பாய்ப்படகுச் சொற்கள் இழையைப் பத்து நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டேக் என்பது காற்றை எதிர்த்து ஏறும்போது திரும்புவது, ஜைப் என்பது காற்றை முதுகில் வாங்கி ஓடும்போது திரும்புவது. பெங்களூரு ஐயாவின் பட்டியலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

> டேக் – வளியெதிர்த் திசைமாற்றம்
> ஜைப் – வளிவழித் திசைமாற்றம்

இலக்கணத்தில் குறை ஒன்றுமில்லை. ஆனால் இது மேசையில் உட்கார்ந்து சொல்கிற சொல் இல்லை. சுக்கான் பிடிப்பவர் கத்த வேண்டும், பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை வைத்திருப்பவர் காதில் அது விழ வேண்டும். மும்பையில் கோடையில் பிற்பகல் ஆனால் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும்பும். பாய் படபடக்கிற சத்தத்தில் பாதி நேரம் கடைசி அசைதான் கேட்கும். ஐயாவின் இரண்டு சொல்லுமே 'திசைமாற்றம்' என்றுதான் முடிகின்றன.

இது கற்பனைக் கவலை இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே சின்னப் பந்தயம். சுக்கான் என் கையில், முன்னால் என் மச்சினன். மிதவையைச் சுற்றி வந்து காற்றை முதுகில் வாங்கி ஓடிக்கொண்டிருந்தோம். நான் "மாத்து, மாத்து" என்றேன். நான் சொன்னது ஜைப். அவன் எடுத்துக்கொண்டது டேக். தாமானை அவிழ்க்கலாம் என்று எழுந்தான். பாயின் அடிக்கழி அவன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. தொப்பி கடலில். இரண்டு அங்குலம் கீழே என்றால் தலை. தப்பு முழுக்க என்னுடையது. அன்று ராத்திரி செம்பூரில் தங்கச்சி எனக்குச் சோறு போட்ட விதத்தை எழுத வேண்டாம்.

படகில் ஏறாதவர்களுக்காக: எந்தப் பாய்ப்படகாலும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. காற்றுக்கு இந்தப் பக்கம் சுமார் 45 பாகை, அப்புறம் அந்தப் பக்கம் 45 பாகை என்று ஒடித்து ஒடித்துத்தான் ஏற வேண்டும். கொல்லிமலைக்குப் பேருந்து 70 கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி. எதிர்காற்றில் 10 கடல்மைல் முன்னேற 14 கடல்மைல் ஓட வேண்டியிருக்கும். அப்படி ஏறும்போது ஒவ்வொரு ஒடிப்பிலும் படகின் அணியம், அதாவது முன்முனை, காற்றைக் கடக்கிறது. அது டேக். பாய் சில நொடி தளர்ந்து படபடத்து, மெதுவாக அடுத்த பக்கம் போகும். சொதப்பினால் படகு நின்றுவிடும், அவ்வளவுதான்.

ஜைப் அப்படி இல்லை. காற்று பின்னால் இருக்கிறது, பின்பக்கம்தான் காற்றைக் கடக்கிறது. பாய் தளரவே தளராது. ஒரு பக்கம் முழுதாக நிறைந்திருந்தது, மறுபக்கம் முழுதாகப் போய் அறையும். கழி படகின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வரும். ஆகவே இரண்டும் ஒரே வேலையின் இரண்டு வகை என்று பெயர் வைப்பதே தப்பு.

என் முன்மொழிவு: டேக் என்பதற்கு 'வெட்டு'. சைக்கிளை வெட்டித் திருப்பினான் என்று நாம் சொல்கிற அதே வெட்டு. ஜைப் என்பதற்கு 'பாய்வீச்சு'. சொல்லிலேயே தலையைக் குனி என்பது இருக்கிறது. தானாக நடந்துவிட்டால் 'தறிகெட்ட வீச்சு'. ஒன்று இரண்டசை, மற்றது மூன்றசை, காற்றில் குழம்பாது.

இன்னொன்று. டேக் என்று ஆங்கிலத்தில் திருப்பத்தை மட்டும் சொல்வதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து காற்றை வாங்கி ஓடுகிறோம் என்ற நிலைக்கும் அதுவே பெயர். அவர்கள் ஒரு சாக்கில் போட்டதை நாமும் ஒரே சாக்கில் போட வேண்டுமா? நிலைக்கு 'வலக்காற்று', 'இடக்காற்று' என்று வைக்கலாம். பந்தய விதி உடனே தமிழாகிவிடுகிறது: இடக்காற்றில் ஓடும் படகு வலக்காற்றுப் படகுக்கு வழிவிட வேண்டும். எதிர்ப்படகைப் பார்த்துக் கத்துவதற்கு மட்டும் வலப்பக்கத்தைக் குறிக்கும் 'ஸ்டார்போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லே இருக்கட்டும். அதில் இருப்பவர் மராத்திக்காரராகவோ பஞ்சாபியாகவோ இருப்பார்.

டெல்லி நண்பர் புறநானூற்று 30ஆம் பாட்டின் 'மீப்பாய்' என்ற சொல்லை எடுத்து, முன்னால் பலூன் போலக் கட்டும் பாய்க்கு வைக்கச் சொன்னார். அங்கே பெருங்கலம் கூம்பையும் (பாய்மரம்) மீப்பாயையும் களையாமல் புகாருக்குள் நுழைகிறது. மீப்பாய் பாய்மரத்தின் மேலே கட்டுவது. இடத்தை மாற்றினால் பாட்டுக்கும் படகுக்கும் நல்லதில்லை. ஆனால் 'களைதல்' அருமை. பாயை இறக்கிக் கழற்றுவதற்கு எடுத்துக்கொள்ளலாம். காற்று கூடும்போது பாயைக் குறைப்பதற்கு 'பாய் சுருக்குதல்' போதும்.

கரையை ஒட்டி ஓடுவதற்கு 'கரையோரப் பயணம்' சரி, சண்டை வேண்டாம். கரையை விட்டு விலகி ஓடும் 'ஆஃப்ஷோர்' என்பதற்கு 'ஆழ்கடல்' வேண்டாம், அது முக்குளிப்பவர்களுடையது. 'நெடுங்கடல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1 அன்று இதே மும்பையிலிருந்து ஐஎன்எஸ்வி மாதேயி என்ற பாய்ப்படகில் தனியாகக் கிளம்பி, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013இல் இங்கேயே திரும்பினார். அது நெடுங்கடல். மழை முடிந்ததும் நாங்கள் நாலு பேர் கோவா போய்வரத் திட்டம் போட்டிருக்கிறோம். அதற்கும் அதே சொல்லைப் போட எனக்குக் கை வரவில்லை. 'கரைமறை ஓட்டம்' என்று வைத்தால் என்ன? கரை கண்ணை விட்டு மறைகிற தூரம், அவ்வளவே. போகும்போது வடமேற்குக் காற்று முதுகில் இருக்கும், பாய்வீச்சுக்குப் பயந்துகொண்டே போவோம். வரும்போது வழியெல்லாம் வெட்டுதான்.

– கொலாபாவிலிருந்து

———

மேலே எழுதியதற்கு வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில்:

> வெட்டு, வீச்சு... இது படகா, மதுரைப் பக்கத்துச் சினிமாவா? கலைச்சொல் பட்டியலில் ஏற்றினால் சிரிப்பார்களே.

சிரிக்கட்டும் ஐயா. சிரித்த சொல் மறக்காது. நேற்று மச்சினனிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். "பாய்வீச்சு" என்றதும் வீட்டு வரவேற்பறையிலேயே குனிந்தான்.

> இடக்காற்று என்றால் யாருக்கு இடது? பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு?

இது நியாயமான கேள்வி. படகுக்கு இடது, அதாவது அணியத்தைப் பார்த்து நின்றால் இடது. விளக்கத்தில் இதைச் சேர்த்தே ஆக வேண்டும், விட்டது என் பிழை.

மே கடைசியில் படகைக் கரையேற்றிவிடுவார்கள். அதற்குள் இரண்டு ஞாயிறு இருக்கிறது. வேறு சொல் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள், தண்ணீரில் கத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.