பேசியோனிம்: மூலப்பெயரா, அடிப்பெயரா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். செடியின் அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம் (genus), இரண்டாவது அடைமொழி. செடியை வேறு பேரினத்துக்கு மாற்றும்போது புதுப் பெயருக்கு அடைமொழியைக் கொடுக்கும் முந்தைய பெயர்தான் பேசியோனிம் (basionym). அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் அக்கா எழுதியது இது:

> பேசியோனிமுக்கு 'மூலப்பெயர்' என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் விளக்கவே தேவையில்லை, கேட்டதும் புரியும்.

அக்கா, புரியும்தான். ஆனால் தப்பாகப் புரியுமே! சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் சேறு காய்ந்த தோலோடு விற்பார்களே வாட்டர் செஸ்ட்நட் கிழங்கு, அதையே எடுத்துக்கொள்வோம். எங்கள் புளோக்குக்குக் கீழே தோட்டத்துத் தொட்டியில் அது இருக்கிறது. அதற்குத் தமிழில் பெயர்ப்பலகை எழுதப் போய்த்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, பச்சைக் குழாய் மாதிரித் தண்டுதான். இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே மேலே போனால் உள்ளே இருக்கும் குறுக்குத் தடுப்புகள் படக் படக்கென்று உடையும். (இரண்டு தண்டுக்கு மேல் உடைக்கவில்லை.)

இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்து 1702இல் இறந்த தாவரவியலாளர் ரம்ஃபியஸ் இதை 'சைபீரஸ் டல்சிஸ்' என்றார். இனிப்புக் கோரை. அவருடைய பெரிய நூலை 1741 முதல் 1750 வரை ஆம்ஸ்டர்டாமில் பதிப்பித்தவர் யோகன்னஸ் பர்மன். அந்தப் பர்மனின் மகன் நிக்கோலாஸ் 1768இல் இதே செடியை 'ஆண்ட்ரோபோகன் டல்சிஸ்' ஆக்கினார். ஆண்ட்ரோபோகன் என்பது புல். கோரையைக் கொண்டுபோய்ப் புல்லில் சேர்த்துவிட்டார்! 1810இல் ராபர்ட் பிரவுன் எலியோகாரிஸ் என்ற கோரைப் பேரினத்தை அமைத்தார். 1833இல் ஹென்ஷெல் நூலில்தான் நம் செடி 'எலியோகாரிஸ் டல்சிஸ்' ஆனது.

இப்போது சொல்லுங்கள், இதில் மூலம் எது? யாரைக் கேட்டாலும் ரம்ஃபியஸ் வைத்தது என்பார்கள். ஆனால் தாவரப் பெயரீட்டு விதிகளின் கணக்கு 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸிடம்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியது செல்லாது. ஆகவே பேசியோனிம், மகன் பர்மன் புல் என்று நினைத்து வைத்த 1768ஆம் ஆண்டுப் பெயர்தான். பேரினம் தப்பு, ஆனால் 'டல்சிஸ்' என்ற அடைமொழி அங்கிருந்துதான் வருகிறது. அதனால்தான் இன்றும் அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் 'பர்ம். எஃப்.' என்று போடுகிறார்கள். எஃப். என்றால் மகன். நம் அடையாள அட்டையில் எஸ்/ஓ போடுவது போலத்தான்!

ஆக, பழமை இங்கே பேச்சே இல்லை. பேரினம் மாறினாலும் எந்தப் பெயரின் அடைமொழி கூடவே வருகிறது என்பதுதான் கேள்வி. நம் இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறது. நடந்தான், நடப்பாள், நடக்கிறது என்று விகுதி மாறிக்கொண்டே போனாலும் 'நட' என்ற வினையடி மாறுவதில்லை. எனவே 'அடிப்பெயர்' என்கிறேன். 'நாற்றுப்பெயர்' என்றும் ஒரு ஆசை வந்தது, ஓரிடத்தில் பிடுங்கி வேறிடத்தில் நடுவதால். ஆனால் அது பலகையில் எழுதினால் நாற்றுப் பண்ணை விளம்பரம் மாதிரி இருக்கும், விட்டுவிட்டேன்.

அன்புடன்,
தம்பி

———

தம்பி, ரம்ஃபியஸ் கதைக்குப் பிறகு மூலப்பெயரை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அடிப்பெயர் என்றதும் வகுப்பில் பையன்கள் "யார் டீச்சர் அடி வாங்கினது?" என்பார்கள். கேட்கட்டும், சொல் மனத்தில் நிற்கும். அப்புறம், அடைப்புக்குறிக்குள் நிற்கிறாரே அந்த மகன் பர்மன், அவரை என்னவென்று சொல்வது? அடிப்பெயராசிரியர் என்றால் ரொம்ப நீளமாக இருக்கிறது. அடிப்பெயரர் என்று சுருக்கினால் பேரன் மாதிரிக் கேட்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.